முடிவைச் சொல்லலாமா?

ஒருவர் கதைப் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறார். பாதிக்கு மேல் தாண்டிவிட்டது. அருகில் வந்து அமர்ந்த நண்பர் புத்தகத்தின் அட்டையைத் திருப்பிப் பார்க்கிறார். "ஓ, இந்தக் கதையா? நான் எப்போதோ படித்துவிட்டேன். கடைசியில் அந்தக் கணக்குப்பிள்ளைதான் கொலைகாரன்" என்கிறார். சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்காருகிறார். ஏதோ ஓர் உதவியைச் செய்து முடித்தவரைப் போன்ற நிறைவு அவர் முகத்தில் தெரிகிறது. படித்துக்கொண்டிருந்தவர் புத்தகத்தை மூடி வைக்கிறார்.

இந்த நண்பர் செய்தது குற்றமா? சட்டப் புத்தகத்தில் இதற்குத் தண்டனை இல்லை. பொருள் எதுவும் களவு போகவில்லை. அவர் பொய்யும் சொல்லவில்லை, உண்மையையே சொன்னார். ஆயினும் புத்தகத்தை மூடியவர் முகத்தைப் பார்த்தால், எதையோ இழந்துவிட்டார் என்பது தெரிகிறது. அவர் இழந்தது என்ன? கதையின் முடிவை அறிந்தவர், அறியாதவரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்.

இதைக் கேட்டவுடனே, "நம் முன்னோர் முடிவை மறைத்தா கதை சொன்னார்கள்?" என்று வினவுவோர் உண்டு. நியாயமான வினாவே. சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காப்பியம் தொடங்குவதற்கு முன்னே பதிகம் நிற்கிறது. கோவலன் கொலையுண்டதும், மதுரை எரியுண்டதும் அந்தப் பதிகத்திலேயே சொல்லப்பட்டு விடுகின்றன. பிறகு முப்பது காதைகளின் பெயர்களும் வரிசையாக வருகின்றன. அவற்றுள் ஒன்றன் பெயரே 'கொலைக்களக் காதை' என்பது. மணிமேகலையிலும் அப்படித்தான். 'கச்சிமாநகர் புக்க காதை' என்று தலைப்பு இருக்கும்போது, மணிமேகலை காஞ்சிக்கு வந்து சேருவாளோ மாட்டாளோ என்று எந்த வாசகரும் ஏங்கிக் காத்திருக்க முடியாது. நம்முடைய பெருங்காப்பியப் புலவர்கள் முடிவைக் கையில் கொடுத்துவிட்டே கதையைத் தொடங்கினார்கள்.

காப்பியம் கற்றோர்க்கு உரியது என்று ஒதுக்கிவிட்டாலும், கல்லாதோர் கண்ட கூத்திலும் இதே வழக்கம் இருக்கிறது. நான் பிறந்த ஊர் தாமல். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, பெரிய ஏரி ஒன்றின் அருகே அமைந்த ஊர். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் தாமற் கோட்டம் என ஒன்று இருந்ததை வரலாறு படித்தோர் அறிவர். எங்கள் பகுதியிலும், செய்யாறு, வந்தவாசிப் பக்கங்களிலும் திரௌபதியம்மன் கோயில்கள் மிகுதி. கோடைக் காலத்தில் அக்கோயில்களில் பாரத விழா நடக்கும். அவ்விழாவின் முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பிற்பகலில் பாரதப் பிரசங்கியார் வந்து அமர்வார். வில்லிபுத்தூராரின் பாரதத்தைப் பாடிப் பொருள் சொல்லி, அன்றைக்குரிய பகுதியை விரிவாக விளக்குவார். மாலையில் எல்லாரும் வீட்டுக்குப் போய் உணவு முடித்து, பாயும் போர்வையுமாகத் திரும்பி வருவார்கள். இரவு பத்து மணிக்கு மேல் கூத்து தொடங்கும். பிற்பகலில் எந்தக் கதையைக் காதால் கேட்டார்களோ, அதையே விடியும் வரையில் கண்ணால் காண்பார்கள்.

அதாவது, ஒவ்வொரு நாளும் இரவுக் கதையின் முடிவைப் பகலிலேயே ஊரறியச் சொல்லிவிடுகிறார்கள். அதனால் கூத்துக் களத்தில் ஒருவரும் குறைவதில்லை. கட்டியக்காரன் வந்து, இன்னார் வரப்போகிறார் என்று கூறுகிறான். இருவர் ஒரு திரையைப் பிடித்து நிற்கிறார்கள். திரைக்கு மேலே கிரீடம் தெரிகிறது; கீழே சலங்கை கட்டிய கால்கள் தெரிகின்றன. உள்ளே நிற்பது துரியோதனன் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனாலும் திரை விலகும் அந்த நொடிக்காகக் கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறது. பதினெட்டாம் போர் நடைபெறும் நாளில், களத்து மண்ணிலே துரியோதனன் நீட்டிப் படுத்திருக்கும் பேருருவைக் குழைத்துச் செய்வார்கள். கூத்து மேடையில் அவன் தொடை தட்டி வீரம் பேசும்போதே, அவனுடைய சாவுருவம் வெளியில் ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறது! முடிவை இதைவிட வெளிப்படையாக எவ்வாறு சொல்ல இயலும்?

அப்படியானால் முதலில் சொன்ன நண்பர் செய்ததில் தவறே இல்லையா? இந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள எனக்கு உதவியவர் பெரும் புலவர் ஒருவரும் அல்லர். எங்கள் தெருவில் இருந்த, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி.

அவரைத் தெருவே 'ஆயா' என்று அழைக்கும். அவர் வீட்டில் பட்டுத் தறி ஒன்று இருந்தது. அவருடைய மகன் தறியில் அமர்ந்திருப்பார். ஆயா திண்ணையில் ராட்டையை வைத்துக்கொண்டு தார் சுற்றுவார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும். நூலகத்திலிருந்து கதைப் புத்தகங்களை எடுத்து வந்து, பிற்பகல்களில் ஆயாவுக்குப் படித்துக் காட்டுவது என் வழக்கம். நான் படிக்க, அவர் கேட்க, உள்ளே தறியின் ஓசை அவ்வப்போது நின்று நின்று எழும். தறியில் இருப்பவரும் கேட்கிறார் என்பதற்கு அதுவே அடையாளம்.

ஒரு கோடையில் நான் எடுத்து வந்த புத்தகம் கல்கி எழுதிய 'பார்த்திபன் கனவு'. 'கல்கி' இதழ் 1941ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டபோது அதில் தொடராக வந்த கதை அது. பல்லவர் காலத்துக் கதை. காஞ்சிபுரம் அதில் பெரிதும் இடம் பெறுகிறது. தம் ஊருக்குப் பக்கத்து ஊர் கதையில் வருகிறதே என்று ஆயாவுக்குப் பெருமகிழ்ச்சி. அக்கதையில் ஒரு சிவனடியார் வருகிறார். அவர் எங்கிருந்து வருகிறார், ஏன் வருகிறார், உண்மையில் அவர் யார் என்ற வினா, கதை படிப்போர் உள்ளத்தில் தொடக்கத்திலேயே எழுந்துவிடும். அவர் யார் என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. இதுவரை படிக்காத நேயர்கள் இருக்கக்கூடும்; அவர்கள் தாமாகவே தெரிந்துகொள்ளட்டும்.

ஆயாவுக்கு அந்தச் சிவனடியார்மேல் ஒரு கண். நாள்தோறும் படித்து முடித்ததும் ராட்டையை நிறுத்திவிட்டு ஆராய்ச்சி தொடங்குவார். "அவரு இன்னாரா இருக்குமோ? இல்ல, அன்னிக்கு அப்பிடிப் பேசினாரே, அப்ப அது ஒத்து வரலியே" என்பார். இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தள்ளி, இறுதியில் ஒரு முடிவுக்கு வந்து அதைத் தம் மனத்துக்குள்ளே வைத்துக்கொண்டார். என்னிடம்கூடச் சொல்லவில்லை. "கதை சொல்லட்டும், பாக்கலாம்" என்றார்.

எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஓர் இரவு சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு புத்தகத்தை இறுதிவரை படித்து முடித்துவிட்டேன். மறுநாள் பிற்பகல் திண்ணைக்குப் போனபோது, எனக்குத் தெரிந்த ஒன்று ஆயாவுக்குத் தெரியாது என்ற எண்ணம் என்னை நிலைகொள்ள விடவில்லை. "ஆயா, அந்தச் சிவனடியார் யார் தெரியுமா?" என்றேன். "நீ படி கண்ணு, தெரிஞ்சுக்கலாம்" என்றார். நான் படிக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

ராட்டை நின்றது. ஆயா கோபிக்கவில்லை. சற்று நேரம் நூலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சொல்லிட்டியே கண்ணு. இனிமே எத்தினி தபா கேட்டாலும் இது எனக்குத் தெரிஞ்ச கதைதானே" என்றார்.

அதன் பின்னரும் நான் படித்தேன், அவரும் கேட்டார். ஆனால் ஆராய்ச்சி நின்றுபோயிற்று. அவர் மனத்துக்குள் வைத்திருந்த முடிவு சரியானதா, தவறானதா என்பதை நான் கேட்கவும் இல்லை; அவர் சொல்லவும் இல்லை.

நேயர்களே, இந்த ஆயா பாரதக் கூத்துக்கு ஆண்டு தவறாமல் போகிறவர். கர்ண மோட்சமும் அர்ச்சுனன் தபசும் அவருக்கு மனப்பாடம். பகலில் பிரசங்கம் கேட்டுவிட்டு இரவில் அதையே கண்டு கண்ணீர் விடுகிறவர். தெரிந்த கதையை நூறு முறை கேட்கத் தயாராக இருந்தவருக்கு, ஒரு கதையை முன்னதாகத் தெரிவித்தது ஏன் துன்பமாக இருந்தது? அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே விடை இருக்கிறது என்று எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கிற்று.

ஒரு கதையை எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். இரண்டாம் முறைக்கும் பத்தாம் முறைக்கும் தனித்தனிச் சுவை உண்டு. ஆனால் முதல் முறை என்பது ஒருமுறைதான் வரும். அந்த முதல் முறையில் கேட்பவர் சும்மா இருப்பதில்லை. ஊகிக்கிறார், ஐயுறுகிறார், ஒருவரை நம்பி ஏமாறுகிறார், ஏமாந்ததை எண்ணி வியக்கிறார். அது ஓர் உழைப்பு. கதையின் முடிவு அந்த உழைப்புக்குக் கிடைக்கும் கூலி. இடையில் வந்து முடிவைச் சொல்கிறவர் கதையை அழிப்பதில்லை. கதை அப்படியேதான் இருக்கிறது. அவர் கேட்பவரின் முதல் முறையை எடுத்துக்கொண்டு, அவரை நேராக இரண்டாம் முறையில் தள்ளிவிடுகிறார். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் அவரால் இயலாது.

கூத்துக் களத்தில் இந்த இழப்பு யாருக்கும் இல்லை. அங்கே எல்லாரும் இரண்டாம் முறைக்காரர்கள். கூத்தாடுகிறவருக்கும் முடிவு தெரியும். மத்தளம் அடிக்கிறவருக்கும் தெரியும். பாயில் அமர்ந்திருக்கிறவருக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் விஞ்சி நிற்க அங்கே இடமில்லை. திண்ணையில் நிலை வேறு. அங்கே எனக்குத் தெரிந்திருந்தது, ஆயாவுக்குத் தெரியவில்லை. அந்த ஏற்றத்தாழ்வை நான் பயன்படுத்திக்கொண்டேன். கதையின்மேல் உள்ள ஆசையால் நான் அதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசையால் சொன்னேன். முடிவை முந்திச் சொல்வோருள் பெரும்பாலோர் இந்த ஆசைக்கு ஆட்பட்டவர்களே என்று நினைக்கிறேன்.

திரைப்படம் ஊர்களுக்கு வந்த காலத்தில் இந்த ஏற்றத்தாழ்வு பெரிதாயிற்று. புதிய படம் முதலில் சென்னையிலும் பெரிய நகரங்களிலும் ஓடும். பிறகு சிறிய நகரங்களுக்கு வரும். கிராமத்து டூரிங் டாக்கீஸுக்கு வந்து சேர மாதங்கள் பல ஆகும். காஞ்சிபுரத்துக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர், ஊராருக்கு இன்னும் கிட்டாத ஒன்றைத் தம்மிடத்தே வைத்திருப்பார். மறுநாள் தேநீர்க் கடையில் அவரே அரசர்.

ஆனால் அக்காலத்துப் படத்துறையினர் இதில் ஒரு நல்ல மரபை வைத்திருந்தார்கள். கொட்டகை வாயிலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். அதில் பாடல்களோடு கதைச் சுருக்கமும் இருக்கும். தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே பகை மூளும். வில்லன் சூழ்ச்சி செய்வான். தலைவி காணாமற் போவாள். அந்த இடத்தில் சுருக்கம் நின்றுவிடும். 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்ற ஒரு வரி அங்கே அச்சிடப்பட்டிருக்கும். சீட்டு விற்பதற்கான தந்திரம்தான் அது, மறுக்கவில்லை. இருந்தாலும், எதுவரையில் சொல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற ஒழுக்கத்தை அந்தச் சிறு புத்தகம் ஊர்தோறும் கற்பித்தது.

துப்பறியும் படங்களுக்கு இந்த ஒழுக்கம் இன்றியமையாதது. 1954ஆம் ஆண்டில் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏ. வி. எம். நிறுவனம் வெளியிட்ட 'அந்த நாள்' என்ற படத்தை நேயர்கள் பலர் அறிந்திருப்பார்கள். பாடல்களே இல்லாத படம். தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது. சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் இறந்து விழுகிறது. இறந்தவர் ஒரு வானொலிப் பொறியாளர். சுட்டவர் யார்? ஒவ்வொருவரும் தாம் கண்டவாறு ஒரு கதை சொல்கிறார்கள். அந்தக் கேள்வி ஒன்றே படத்தைத் தாங்கி நிற்கும் தூண். அத்தூணைக் கொட்டகைக்கு வெளியில் நின்று ஒருவர் உருவிவிட்டால், உள்ளே போகிறவருக்கு என்ன மிஞ்சும்?

மேல்நாட்டிலும் இந்தக் கவலை உண்டு. அகதா கிறிஸ்டி எழுதிய 'தி மவுஸ்டிராப்' என்ற நாடகம், முதலில் 1947ஆம் ஆண்டில் ஒரு வானொலி நாடகமாகப் பிறந்தது. 1952 நவம்பர் 25ஆம் நாள் இலண்டனில் மேடையேறியது. 2020ஆம் ஆண்டில் கொள்ளை நோயின் பொருட்டு நிறுத்தப்படும் வரையில் இடைவிடாமல் நடந்தது. 2021இல் மீண்டும் தொடங்கியது. நாடகம் முடிந்ததும், குற்றவாளி யார் என்பதை வெளியே சொல்ல வேண்டாம் என்று பார்வையாளரைக் கேட்டுக்கொள்வது அங்கே மரபு. 1955ஆம் ஆண்டில் வெளிவந்த 'லே தியபொலிக்' என்ற பிரெஞ்சுப் படம், முடிவை நண்பர்களிடம் சொல்லிவிட வேண்டாம் என்ற வேண்டுகோளைத் திரையிலேயே எழுதிக் காட்டியது. ஆல்பிரட் ஹிட்ச்காக் 1960ஆம் ஆண்டில் 'சைக்கோ' படத்தை வெளியிட்டபோது, படம் தொடங்கிய பின் யாரையும் கொட்டகைக்குள் விடலாகாது என்று வற்புறுத்தினார். இவர்கள் யாரும் சட்டத்தைத் துணைக்கு அழைக்கவில்லை. கண்டவர், காணாதவருக்காக வாயைக் காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். முன்பின் அறியாத ஒருவரின் இன்பத்துக்காகப் பல்லாயிரம் மக்கள் ஒரு மறைபொருளைக் காத்து வருகிறார்கள் என்பது மனித இயல்பைப் பற்றி நல்லெண்ணம் கொள்ளச் செய்யும் செய்தியல்லவா?

இங்கே ஆராய்ச்சியாளர் ஒருவர் குறுக்கிடலாம். "முடிவு தெரிந்தால் சுவை கெடும் என்பது வெறும் நம்பிக்கை" என்று அவர் சொல்வார். அவர் பக்கத்திலும் சான்று உண்டு. சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2011ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 12 சிறுகதைகளை மாணவர் பலருக்குக் கொடுத்து, சிலருக்கு மட்டும் முடிவை முன்னதாகச் சொல்லிவிட்டுப் படிக்கச் செய்தார்கள். முடிவு தெரிந்து படித்தவர்களே சற்றுக் கூடுதலாகச் சுவைத்ததாகக் கண்டார்கள். ஆனால் 2015ஆம் ஆண்டில் வேறு இருவர் வெளியிட்ட ஆய்வில், முடிவு அறியாமல் படித்த கதைகளே உள்ளத்தை மிகுதியாகத் தொட்டன என்று தெரியவந்தது. ஆய்வுக்கூடத்தில் வழக்கு இன்னும் முடியவில்லை.

முடிந்தாலும் நம் கேள்விக்கு அது விடையாகாது என்பது என் கருத்து. அவர்கள் அளந்தது சுவையை. நாம் பேசுவது உரிமையை. விருந்துக்கு வந்தவருக்கு முதலில் பாயசம் பரிமாறினால் அது அவருக்கு மிகவும் பிடித்துப் போகலாம். அதனால், அவர் இலையில் அவரைக் கேளாமல் கைவைக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. முடிவை அறிந்து படிப்பதா, அறியாமல் படிப்பதா என்பதைத் தேர்ந்துகொள்ள வேண்டியவர் படிக்கிறவரே.

ஆகவே முதல் நெறி, கேட்டுவிட்டுச் சொல்வது. "நீங்கள் படித்துவிட்டீர்களா? சொல்லலாமா?" என்ற இரண்டு சொற்றொடர்கள் போதும். வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்வோம். சொல் என்றால் மனங்குளிரச் சொல்வோம். சொல்லச் சொல்லிக் கேட்பவர்களும் உலகில் மிகுதி. படம் பார்க்கக் காஞ்சிபுரம் போக முடியாத பெண்கள், போய் வந்த பெண்ணைச் சூழ்ந்து அமர்ந்து, "முதல்லேர்ந்து சொல்லுடி" என்று கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். அவள் பாட்டைப் பாடி, அழுகையை அழுது, முடிவு வரையில் சொல்லுவாள். அவர்கள் அந்தப் படத்தை என்றைக்குமே பார்க்க வாய்க்காமற் போகலாம். அவர்களுக்கு அவள் சொன்னதே முதல் முறை. கேட்டவர்க்குச் சொல்வது கொடை. கேளாதவர் காதில் திணிப்பதுதான் பிழை.

இரண்டாவது நெறி, பாதி சொல்லாமை. "நான் எதுவும் சொல்லமாட்டேன், ஆனால் அந்த டாக்டரை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று சிலர் சொல்வார்கள். முழுவதையும் சொல்லிவிடுகிறவரைவிட இவர் பொல்லாதவர். அவருடைய குறும்புச் சிரிப்பே முடிவைக் காட்டிக்கொடுத்துவிடும். "கடைசியில் பெரிய திருப்பம் ஒன்று இருக்கிறது" என்று சொல்வதும் ஏறத்தாழ அதுபோன்றதே. திருப்பம் வரும் என்று தெரிந்தவர் ஒவ்வொரு வளைவிலும் அதைத் தேடிக்கொண்டே போவார், வழியைப் பார்க்கமாட்டார்.

மூன்றாவது, அவையறிந்து பேசுதல். வள்ளுவர் இதற்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். பத்துப் பேர் கூடிய இடத்தில் ஒன்பது பேர் ஒரு கதையை அறிந்திருக்கலாம். அறியாத ஒருவர் கூச்சத்தால் பேசாமல் இருப்பார். ஒன்பது பேருடைய மகிழ்ச்சிப் பேச்சுக்கு நடுவில் அவருடைய முதல் முறை பறிபோய்விடும். இக்காலத்தில் இதற்கு இன்னும் கூடுதலான கவனம் வேண்டியிருக்கிறது. வானொலி நாடகம் நடந்த காலத்தில், பஞ்சாயத்து வானொலிப் பெட்டியின் எதிரே அமர்ந்திருந்த அனைவரும் ஒரே நொடியில் ஒரே சொல்லைக் கேட்டார்கள். யாரும் பக்கத்தைத் தள்ளி இறுதிக்குப் போக முடியாது. இன்று ஒரே வீட்டில் தந்தை ஒரு நேரத்திலும், மகள் வேறு நேரத்திலும் தத்தம் கைபேசியில் கதை பார்க்கிறார்கள். கூடத்தில் ஒருவர் உரக்கச் சொல்லும் சொல், அடுத்த அறையில் ஒருவருடைய கதையை முடித்துவிடுகிறது.

இத்தனை சொன்ன பிறகு, வாய் திறக்கவே கூடாத நெறி இது என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. சொல்லியே தீர வேண்டிய இடங்களும் உண்டு. அண்மையில் பிள்ளையை இழந்த தாய் ஒருத்தி படம் பார்க்கப் புறப்படுகிறாள். அப்படத்தில் குழந்தை இறக்கிறது என்று நமக்குத் தெரியும். அங்கே கதையின் மறைபொருளைக் காப்பது பண்பாகாது. தனியே அழைத்து, அமைதியாகச் சொல்லிவிட வேண்டும். இருட்டுக்கு அஞ்சும் குழந்தை, "அந்த ராட்சசன் செத்துப் போவானா?" என்று நடுங்கிக் கேட்டால், "செத்துப் போவான், நீ தூங்கு" என்பதே அறம். நெறி என்பது மனிதருக்காக ஏற்பட்டது, கதைக்காக ஏற்பட்டதன்று.

முடிவைச் சொல்லாமல் விட்டதால் வந்த கேட்டுக்கு நம் பாரதத்திலேயே ஒரு கதை வழங்குகிறது. சுபத்திரை கருவுற்றிருந்தபோது, வியூகத்தை உடைத்துப் புகும் வழியை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். வயிற்றிலிருந்த பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே புகும் வகை வரையில் வந்ததும் தாய் உறங்கிவிட்டாள்; கதை நின்றுவிட்டது. வெளியே வரும் வகையை அபிமன்யு கேட்கவே இல்லை. பின்னாளில் போர்க்களத்தில் அவன் உள்ளே புகுந்தான், வெளியே வரவில்லை. உயிர் காக்கும் செய்தியாக இருந்தால், கேட்பவர் கேட்டாலும் கேளாவிட்டாலும் முடிவு வரையில் சொல்லிவிட வேண்டும். சுவைக்கும் கதையாக இருந்தால், கேட்டாலன்றிச் சொல்லக் கூடாது. இரண்டையும் பிரித்தறிவதுதான் இந்த நாகரிகம் முழுவதும்.

அபிமன்யுவைச் சொன்னதும் மீண்டும் ஆயாவின் நினைவு வருகிறது. எங்கள் பக்கத்தில் அவனை 'அபிமன்னன்' என்பார்கள். நான் ஐந்தாறு வயதுச் சிறுவனாக இருந்தபோது, பக்கத்து ஊர்ப் பாரத விழாவில் அபிமன்னன் சண்டைக் கூத்துக்கு என்னை அழைத்துப் போனவர் அவரே. அவருடைய மடியில் சாய்ந்துகொண்டு, போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நள்ளிரவுக்குமேல், அபிமன்னன் வேடக்காரர் சலங்கை அதிரச் சுழன்று சுழன்று ஆடி வியூகத்துக்குள் புகுந்தார். பெரியவர்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஆயா, அந்த அண்ணன் வெளியே வந்துடுமா?" என்று கேட்டேன்.

ஆயாவுக்குத் தெரியாததா? பிற்பகலில் பிரசங்கியார் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தவர். ஆண்டுதோறும் அதே இடத்தில் அழுகிறவர். சுற்றியிருந்த யாரைக் கேட்டாலும் ஒரே சொல்லில் விடை சொல்லியிருப்பார்கள். ஆயா என் தலையைத் தடவிக்கொடுத்து, "பாரு கண்ணு" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

நான் பார்த்தேன். விடியும் வேளையில், எனக்கும் அழுகை வந்தது. என் அழுகை அடங்கும் வரையில் ஆயா என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அபிமன்னன் கதையை அதன் பிறகு எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், படித்திருக்கிறேன். ஆனால் அந்த இரவு எனக்கு முழுமையாகக் கிடைத்தது. அதை எனக்காகக் காத்துத் தந்தவருக்கே, ஆறேழு ஆண்டுகள் கழித்து, பார்த்திபன் கனவின் சிவனடியாரை நான் முந்திச் சொன்னேன்.

அடுத்த முறை, நாம் அறிந்த ஒரு கதையை இன்னொருவர் கையில் பார்க்கும்போது, நமக்கும் நாக்கு துடிக்கத்தான் செய்யும். அப்போது, "எதுவரை வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்போம். அவர் சொல்வதைக் கேட்போம். அவருடைய ஊகத்தைக் கேட்டு, சரியென்றும் தவறென்றும் முகத்தில் காட்டாமல் இருப்போம். முடிவு என்னவென்று அவரே கேட்டால், ஆயா சொன்ன அந்த ஒரு சொல்லை முதலில் சொல்லிப் பார்ப்போம்.